புற டிவிடி ரைட்டரின் மறைவும் மீட்சியும்: ஓர் ஆய்வு நோக்கு

முந்தைய நாள் மாலை வரை கல்யாண வீடியோவை ஒழுங்காக ரைட் செய்து கொடுத்த புற டிவிடி ரைட்டர், இரவில் விண்டோஸ் அப்டேட் ஆனபின் காலையில் ‘திஸ் பிசி’யில் தென்படாமற் போவதே இவ்வாய்வின் பொருள். ஆய்வெல்லை விண்டோஸ் 10, 11. ஆப்பிள் கணினிகள் சேர்க்கப்படவில்லை. 2015-இல் வந்த மேக் இயங்குதளப் பதிப்பான எல் கேப்பிட்டனில் டிஸ்க் யுடிலிட்டியிலிருந்து ரைட் செய்யும் வசதி நீக்கப்பட்டது. ஃபைண்டரில் அது இன்னும் இருக்கிறது என்பாரும் உளர். அவர்கள் சொல்வது உண்மையாதலால் ஆய்வுக்கு இடையூறு.

மறைவு மூவகைப்படும்: அறவே மறைதல், டிவைஸ் மேனேஜரில் மஞ்சள் முக்கோணத்தோடு தோன்றல், தோன்றியும் ரைட் ஆகாமை.

அறவே மறைதலுக்கு முதற்காரணம் மின்குறை. மெல்லிய புற ரைட்டருக்குத் தனி அடாப்டர் கிடையாது. யுஎஸ்பி துளை தருவதே அதற்கு உணவு. யுஎஸ்பி 2.0 துளை தருவது 500 மில்லி ஆம்பியர், 3.0 தருவது 900. வட்டு சுழலத் தொடங்கும்போது இழுப்பு கூடும். விளக்கு ஒருமுறை மினுக்கி, உள்ளே ‘கறுக்’ என்று ஓர் ஒலி எழுந்து அடங்கும். ஹப்பை நீக்கிக் கணினியின் பின்புறத் துளையில் நேரே சொருகுவது பரிகாரம். இரு துளைகளிலிருந்து மின்சாரம் எடுத்து ஒரே கருவியில் சேர்க்கும் ஒய் கேபிளும் உண்டு. எங்கோ கிடக்கும் சொல்லை இழுத்து வந்து பொருத்தும் உரையாசிரியர் நச்சினார்க்கினியரின் மாட்டு முறைக்கு இதைவிடத் தெளிவான உதாரணம் இதுவரை காட்டப்படவில்லை. அப்டேட் மின்சேமிப்பு அமைப்புகளை மாற்றிவிடுவதும் உண்டு. டிவைஸ் மேனேஜரில் யுஎஸ்பி ரூட் ஹப்பின் பவர் மேனேஜ்மென்ட் பக்கத்திலுள்ள டிக்கை எடுத்துவிட வேண்டும்.

அடுத்தது மறுசொருகல். கருத்து வேறுபாடு மிகுந்த பகுதி இதுவே. கடை மரபினர் கேபிளைப் பிடுங்கி, துளையில் ஒருமுறை ஊதிவிட்டுச் சொருகுவர். ஊதுதல் தூசி நீக்கமா, மந்திரப் பிரயோகமா என்பது முடிவாகவில்லை. வீட்டு மரபினர் கணினியை ஷட் டவுன் செய்து, கேபிளைக் கழற்றி, ‘கொஞ்ச நேரம்’ விட்டுச் சொருகுவர். கொஞ்ச நேரம் என்பதற்குப் பத்து நொடி என்பது ஓர் உரை. ஒரு காபி குடிக்கும் நேரம் என்பது இன்னோர் உரை. பெயர் செல்லரித்துப்போன உரைகாரர் ஒருவர், காபி இங்கே தம்ளருக்கு ஆகிவந்தது, ஆகவே தம்ளர் கழுவும் நேரமும் அதில் அடங்கும் என்றார். கழுவுவது வேறொருவர் வேலை, ஆதலால் அடங்காது என்று மறுப்பு வந்தது. மறுப்புக்கு மறுப்பு, காபியா டீயா என்ற பாடபேதத்தைக் கிளப்பியது. அதன் அடிக்குறிப்பு ஒன்று மூலக்கட்டுரையைவிட நீளம். அக்குறிப்பின் கடைசி வரியில் நன்றி பெறும் நெறியாளர் டிவிடி ரைட்டரைக் கண்ணால் கண்டவரல்லர், ஆனால் துறையில் அவரே இறுதி வாக்கு.

ஃபாஸ்ட் ஸ்டார்ட்டப் இயங்கும் கணினியில் ஷட் டவுன் முழு அணைப்பாகாது என்பதை இவர்கள் யாரும் கவனிக்கவில்லை. கர்னலின் நிலை ஹார்ட் டிஸ்கில் சேமிக்கப்பட்டு, மறுபடி அப்படியே ஏற்றப்படுகிறது. ரீஸ்டார்ட் கொடுத்தால்தான் எல்லாம் புதிதாகத் தொடங்கும். எத்தனை தம்ளர் கழுவினாலும் இதற்கு ஈடாகாது.

மஞ்சள் முக்கோணம் பதிப்பியல் சார்ந்தது. முக்கோணத்தைத் திறந்தால் பெரும்பாலும் கோடு 19 அல்லது 39 என்றிருக்கும். பழைய ரைட்டிங் மென்பொருள்கள் ரிஜிஸ்ட்ரியில், சிடி, டிவிடி வகுப்புக்குரிய 4டி36இ965 என்று தொடங்கும் கீயில், அப்பர்ஃபில்டர்ஸ், லோயர்ஃபில்டர்ஸ் என்ற மதிப்புகளில் தம் டிரைவரின் பெயரை நுழைத்து வைக்கும். அப்டேட்டில் அந்த டிரைவர் போய்விடும், பெயர் மட்டும் நிற்கும். விண்டோஸ் அதைத் தேடிக் காணாமல், ரைட்டரையே ஏற்க மறுக்கும். இதுவே தூய இடைச்செருகல். தமக்குப் பிடிக்காத செய்யுளை எல்லாம் இடைச்செருகல் என்று தள்ளுவது பதிப்பாசிரியர் சிலரின் வழக்கம். இங்கே மட்டும் சான்றோடு தள்ளலாம். கீயை முதலில் எக்ஸ்போர்ட் செய்து வைத்துக்கொண்டு, அவ்விரு மதிப்புகளை மட்டும் நீக்கி, ரீஸ்டார்ட் செய்ய வேண்டும். கீயையே நீக்குவது செய்யுளோடு நூலையும் கொளுத்துவதாகும். நீக்கியபின் ரைட்டிங் மென்பொருளை மறுபடி நிறுவ நேரலாம். அதற்கும் மசியாவிட்டால், டிவைஸ் மேனேஜரில் ரைட்டரை அன்இன்ஸ்டால் செய்து, வன்பொருள் மாற்றத்தைத் தேடச் சொல்ல வேண்டும்.

தோன்றியும் ரைட் ஆகாமைக்கு வேகத்தைக் குறைத்தும், வேறு வட்டு போட்டும் பார்ப்பது போதும். 1997-இல் வந்த டிவிடி-ஆர், 2002-இல் வந்த டிவிடி+ஆர் இவற்றின் கோடு, கூட்டல் பிணக்கு, இரண்டையும் ஏற்கும் ரைட்டர்கள் வந்ததும் தீர்ந்தது. முனைவர் பட்டத் தலைப்பு ஒன்று வீணாயிற்று.

ரைட் ஆகிறது, ஆனால் டிவிடி படம் ஓடவில்லை என்பது கருவியின் நோயன்று. விண்டோஸ் 10-இல் மீடியா சென்டர் நீக்கப்பட்டதால் படம் காட்டும் வசதி அதனுடன் வருவதில்லை. விஎல்சி போட்டால் ஓடும்.

இவை எல்லாம் செய்தும் பயனில்லையெனில், அப்டேட் ஆகாத வேறொரு கணினியில் சொருகிப் பார்க்க வேண்டும். அங்கும் தென்படாவிட்டால் கேபிளை மாற்றிப் பார்க்கலாம். அதன்பின்னும் தென்படாத ரைட்டர் செத்துவிட்டது. அப்டேட்டின் மேல் பழியில்லை.