ஃபிளின்ட் நகர நீர்ப் பரிசோதகர் சமூகத்துக்குப் பாராட்டு மடல்

மிச்சிகன் மாநிலச் சுற்றுச்சூழல் துறையில் வீற்றிருந்து, ஃபிளின்ட் நகரத்து மக்களுக்குக் குடிநீரின் குணநலன்களை எடுத்தருளிய பெருந்தகைகளே! தங்கள் சமூகத்துக்கு அனந்தகோடி வணக்கம். நச்சுப் பொருளின் ஆபத்தை மக்களுக்கு எப்படிப் பக்குவமாகச் சொல்வது என்று அறிஞர்கள் நூல் நூலாக எழுதித் தவிக்கிறார்கள். ஆபத்தே அகப்படாதபடி சோதித்துவிட்டால் சொல்ல வேண்டிய சங்கடமும் இல்லை என்ற பெரும் ஞானம் தங்களுக்கல்லவா வாய்த்தது!

2014 ஏப்ரல் 25. டெட்ராய்ட்டிலிருந்து விலைக்கு வந்த ஏரி நீர் நின்று, உள்ளூர் ஆற்று நீர் குழாயில் இறங்கிய திருநாள். அப்போது நகரை ஆண்டவர் ஆளுநர் நியமித்த அவசர நிர்வாகி. ஆகவே ஊராரைக் கேட்டுத் துன்புறும் நிலையும் யாருக்கும் நேரவில்லை. பழைய ஈயக் குழாய்கள் அரிக்காமலிருக்க நீரில் பாஸ்பேட் கலக்க வேண்டும் என்பது எல்லா ஊருக்கும் தெரிந்த சங்கதி. தாங்களோ அவசரப்படவில்லை. ஆறு மாதம் சோதிப்போம், இன்னும் ஆறு மாதம் சோதிப்போம், அதன் பிறகு மருந்தைப் பற்றி யோசிப்போம் என்றீர்கள். ஏறத்தாழ ஒரு லட்சம் பேர் வாழும் ஊரையே ஆய்வுக் குடுவையாக்கிய தங்கள் அறிவியல் தாகத்துக்கு ஈடு உண்டோ?

அவ்வாண்டு அக்டோபரில் ஜெனரல் மோட்டார்ஸ் தொழிற்சாலை, எஞ்சின் பாகங்கள் அரிக்கின்றன என்று சொல்லி அந்த நீரைக் கைவிட்டது. இரும்புக்கு ஒவ்வாததை எலும்புக்கு ஏற்றது என்று கண்ட தங்கள் மருத்துவ நுட்பம் அந்தக் கம்பெனிக்கு ஏது? 2015 ஜனவரியில் ஃபிளின்ட்டிலிருந்த அரசு அலுவலகக் கட்டடத்துக்கு மட்டும் சுத்திகரித்த நீர்க் கேன்கள் வந்து இறங்கின. நல்ல ஆற்று நீர் முழுவதையும் மக்களுக்கே விட்டுக்கொடுத்த அந்தத் தியாகத்தை வியக்கிறேன்.

ஆனால் இவற்றையெல்லாம் விஞ்சி நிற்பது மாதிரி எடுக்கும் கலைதான். முந்தின இரவு குழாயைச் சில நிமிடம் திறந்து ஓடவிடுங்கள் என்று குடியிருப்போருக்கு அறிவுறுத்தினீர்கள்.  குழாயில் முன்னமே சேர்ந்திருந்த ஈயமும் ஈயத் துணுக்கும் புட்டிக்குள் வந்து கணக்கைக் கெடுக்கலாகாது என்ற கரிசனம்! காலையில் முதல் குவளை நீரைப் பால்மாவில் கலக்கும் தாய்க்கு இந்தச் சடங்கெல்லாம் தெரியாது. பெண் பார்க்க வருகிறார்கள் என்று வீட்டைக் கழுவித் துடைத்து வைப்பதுபோல, பரிசோதனை வருகிறதென்றால் குழாயைக் கழுவி வைத்த நாகரிகம் தங்களுடையது.

அப்படியும் 71 மாதிரிகளில் இரண்டு மரியாதை தெரியாமல் நடந்துகொண்டன. ஒன்றில் ஈயம் பில்லியனில் 104 பங்கு. நடவடிக்கை எடுக்க வேண்டிய வரம்போ 15. தாங்கள் கலங்கினீர்களா? விதிகளைப் புரட்டி, அவ்விரண்டும் கணக்கில் சேரத் தகுதியற்றவை என்று கண்டறிந்தீர்கள். அவை நீங்கியதும் நகரத்தின் அளவு 11 ஆகி வரம்புக்குள் அடங்கியது. ஒரு துளி மருந்தும் செலவழியாமல், இரண்டு வரிகளை அடித்தே ஓர் ஊரின் நீரைத் தூய்மையாக்கிய சித்தர்களை நான் வேறெங்கும் கேள்விப்பட்டதில்லை.

2015 ஜூலையில் தங்கள் பேச்சாளர், ஈயத்தைப் பற்றிக் கவலைப்படுகிறவர்கள் நிம்மதியாக இருக்கலாம் என்று வானொலியில் திருவாய் மலர்ந்தார். எச்சரித்து எழுதிய மத்திய அரசின் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை அதிகாரி மிகெல் டெல் டோரலுக்குத் தறிகெட்ட ஊழியர் என்ற பட்டம் சூட்டப்பட்டது. வர்ஜீனியா டெக் பல்கலைக்கழகத்தின் மார்க் எட்வர்ட்ஸ் குழு ஒரு வீட்டு நீரில் 13,200 பங்கு ஈயம் கண்டது. 5,000 இருந்தாலே அபாயக் கழிவு என்று வகைப்படுத்துவார்கள். எட்வர்ட்ஸ் குழுவினர் போகுமிடமெல்லாம் தொப்பிக்குள்ளிருந்து முயல் எடுப்பவர்கள் என்று தாங்கள் சிரித்த நயத்தை என்னென்பது!

செப்டம்பரில் குழந்தை மருத்துவர் மோனா ஹன்னா-அட்டிஷா, இரத்தத்தில் ஈயம் மிகுந்த குழந்தைகளின் விகிதம் 2.4-லிருந்து 4.9 சதவீதமாக இரட்டித்ததைக் கணக்கோடு காட்டினார். எண்களை வெட்டி ஒட்டுகிறார் என்று மாநில அரசின் தரப்பில் அவருக்கும் பாடம் புகட்டப்பட்டது. வெட்டும் கலையில் தங்களுக்கு இணையானவர் யாருமில்லையாதலால், அந்தத் தீர்ப்பைச் சொல்ல முழு உரிமையும் தங்கள் தரப்புக்கே. சில நாளிலேயே தன் எண்களும் அவர் எண்களும் ஒன்றே என்று மாநில அரசு ஒப்புக்கொண்டது. அக்டோபர் 16 அன்று டெட்ராய்ட் நீர் திரும்பியது.

நன்றியுள்ள நாடு தங்களை மறக்கவில்லை. இழப்பீட்டு உடன்பாட்டில் 626 மில்லியன் டாலர் ஒதுக்கப்பட்டது. அதில் பெரும்பங்கு அந்நீரைக் குடித்த குழந்தைகளுக்கு. அதிகாரிகள் மீது தொடுத்த குற்ற வழக்குகளோ 2023-க்குள் ஒவ்வொன்றாக முடிந்துபோயின. ஒருவரும் சிறைக்குப் போகவில்லை.