போட்டியின்றித் தேர்வு

அ.தி.மு.க.வின் பொதுச் செயலாளர் ஆக வேண்டுமா? 10 ஆண்டு அடிப்படை உறுப்பினராக இருந்திருக்க வேண்டும். 5 ஆண்டு தலைமைக் கழகப் பொறுப்பு வகித்திருக்க வேண்டும். 10 மாவட்டச் செயலாளர்கள் முன்மொழிய வேண்டும், இன்னும் 10 பேர் வழிமொழிய வேண்டும். 2022 ஜூலை 11 அன்று வானகரத்தில் கூடிய பொதுக்குழு போட்ட விதி இது.

சரி, இதே விதியை வைத்து ஜெயலலிதாவின் மனுவைப் பரிசீலிப்போம். கட்சியில் சேர்ந்தது 1982. பிளந்த கட்சி ஒன்றாகி அவர் தலைமைக்கு வந்தது 1989. ஏழு ஆண்டுதான் ஆகிறது, மனு தள்ளுபடி. எம்.ஜி.ஆர். நிலைமை இன்னும் பரிதாபம். 1972 அக்டோபரில் தி.மு.க. அவரை வெளியேற்றியது, அதே மாதம் 17ஆம் தேதி புதுக் கட்சி கண்டார். அனுபவம் என்ற கட்டத்தில் அவர் எதை எழுதுவார்? வாசலிலேயே நிறுத்தி, "போய் பத்து மா.செ.க்களிடம் கையெழுத்து வாங்கி வாங்கய்யா" என்றிருப்பார்கள். இருவர் படத்துக்கும் மாலை போட்டுவிட்டு, இருவருமே நுழைய முடியாதபடி கதவைச் சாத்திக்கொண்ட கூட்டம் இது.

2023 மார்ச்சில் அந்தக் கதவு வழியாகத் தேர்தல் நடந்தது. வேட்புமனு வாங்க இரண்டு நாள் ஒதுக்கினார்கள். களத்தில் இருந்தது எடப்பாடி பழனிசாமி ஒருவர்தான். வழக்கு இருந்ததால் முடிவை மட்டும் சில நாள் நிறுத்தி வைத்தார்கள். 28ஆம் தேதி நீதிமன்றம் வழிவிட்டதும் வெற்றியை அறிவித்தார்கள், பட்டாசு வெடித்தது. யாரைத் தோற்கடித்தார் என்று கேட்பவன் கட்சித் துரோகி.

இந்தக் கட்சியின் சட்டத்தில் எம்.ஜி.ஆர். காலத்து விதி ஒன்று உண்டு. பொதுச் செயலாளரை அடிப்படை உறுப்பினர்கள்தான் ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுக்க வேண்டும். பொதுக்குழு வேறு எதைத் திருத்தினாலும் இதைத் தொடக் கூடாது. வாயளவில் அந்த விதிக்கு மரியாதை குறைவில்லை. ஓட்டுப் பெட்டியைத்தான் யாரும் தொடவில்லை. உறுப்பினருக்கு உரிமை உண்டு, ஓட்டுப் போடும் நாள்தான் வருவதில்லை.

வானகரத்தில் ஸ்ரீவாரு வெங்கடாசலபதி பேலஸ் என்று ஒரு கல்யாண மண்டபம் இருக்கிறது. ஊரில் மற்ற மண்டபங்களில் தாலி கட்டுவதோடு சரி. இங்கே கட்டுவது, அறுப்பது இரண்டும் ஒரே மேடையில். 2016 டிசம்பர் 29, ஜெயலலிதா மறைந்து ஒரு மாதம்கூட ஆகவில்லை, சசிகலாவைத் தற்காலிகப் பொதுச் செயலாளர் ஆக்கப் பொதுக்குழு இங்கேதான் ஒருமனதாகக் கை தூக்கியது. 2017 செப்டம்பர் 12, அந்த நியமனமே செல்லாது என்று அதே பொதுக்குழு அதே மண்டபத்தில் ஒருமனதாக மீண்டும் கை தூக்கியது. தூக்கியதும் அதே கைகள், கழுவியதும் அதே கைகள். அன்று இன்னொரு தீர்மானமும் போட்டார்கள்: பொதுச் செயலாளர் பதவி இனி யாருக்கும் இல்லை, அம்மாதான் நிரந்தரப் பொதுச் செயலாளர். அந்த நிரந்தரத்துக்கு ஐந்து ஆண்டுகூட ஆயுள் இல்லை. இறந்தவர் வழக்குப் போட மாட்டார் என்ற தைரியம்.

ஒற்றைத் தலைமை கோரிக்கையோடு கூடிய 2022 ஜூன் 23 கூட்டம் இவற்றுக்கெல்லாம் சிகரம். ஏற்கெனவே பட்டியலிட்ட 23 தீர்மானங்களைத் தவிர வேறு எதையும் நிறைவேற்றக் கூடாது என்று, நள்ளிரவு தாண்டி விசாரித்து உயர் நீதிமன்ற அமர்வு உத்தரவிட்டது. பொழுது விடிந்தது. பழனிசாமி பக்கம் நின்ற சி.வி. சண்முகம் மைக்கைப் பிடித்து, அந்த 23 தீர்மானங்களையும் பொதுக்குழு நிராகரிக்கிறது என்று முழங்கினார். வேறு எதையும் நிறைவேற்றக் கூடாது என்றீர்கள், நிறைவேற்றவில்லையே! மூன்று முறை முதல்வர் நாற்காலியில் அமர்ந்த ஓ. பன்னீர்செல்வத்தைத் தண்ணீர் பாட்டில் வீசி வழியனுப்பினார்கள். அடுத்த மாதம் 11ஆம் தேதி வானகரத்தில் அவரைக் கட்சியை விட்டு நீக்கிக்கொண்டிருந்த நேரத்தில், ராயப்பேட்டையில் அவருடைய ஆட்கள் கட்சி அலுவலகத்தின் கதவை உடைத்துக்கொண்டிருந்தார்கள். எம்.ஜி.ஆரின் மனைவி ஜானகி அம்மாள் கட்சிக்கு எழுதிக் கொடுத்த கட்டடம் அது. ரத்தத்தின் ரத்தங்கள் கல்லெறிந்து உண்மையிலேயே ரத்தம் பார்த்தன. வருவாய்த் துறை வந்து சீல் வைத்தது.

இதில் பன்னீர்செல்வத்துக்காகக் கண்ணீர் விடுகிறவர்கள் கொஞ்சம் பொறுக்கவும். 2017 பிப்ரவரி 7 இரவு மெரினாவில் ஜெயலலிதா சமாதியில் கண்மூடி அமர்ந்து, சசிகலாவுக்கு எதிராக அவர் தொடங்கியதன் பெயர் தர்மயுத்தம். அம்மா மரணத்தில் மர்மம், விசாரணை வேண்டும் என்பது முழக்கம். எதிர்முகாமின் எம்.எல்.ஏ.க்கள் கூவத்தூர் சொகுசு விடுதியில் அடைபட்டிருந்தார்கள். அங்கே சசிகலாவின் காலடியில் பழனிசாமி குனிந்த படத்தை நாடே பார்த்தது. ஆறு மாதம் கழித்து, ஆகஸ்ட் 21 அன்று, ஆளுநர் வித்யாசாகர் ராவ் பன்னீர்செல்வம், பழனிசாமி இருவர் கையையும் பிடித்துச் சேர்த்து வைத்தார். தர்மத்தின் விலை துணை முதல்வர் பதவி. பிரதமர் மோடி சொன்னதால்தான் இணைந்தேன் என்று அடுத்த ஆண்டு தேனியில் பன்னீர்செல்வமே மேடையில் சொன்னார். கேட்டு வாங்கிய விசாரணை ஆணையமோ பலமுறை அழைத்தது. தர்மவீரர் அதன் முன் வந்து உட்கார்ந்தது 2022 மார்ச்சில். ஒரு மாநிலக் கட்சியின் அண்ணன் தம்பி சண்டைக்கு டெல்லி பஞ்சாயத்துத் தலைவர், ஆளுநர் மாளிகை பஞ்சாயத்து மேடை. திராவிடம் என்ற சொல்லைப் பெயரில் வைத்திருப்பவர்களுக்குக் கூச்சமே வரவில்லை.

2024 மக்களவைத் தேர்தலில் இதே பன்னீர்செல்வம் ராமநாதபுரத்தில் பலாப்பழச் சின்னத்தில் சுயேச்சையாக நின்றார். அவர் பெயரிலேயே இன்னும் ஐந்து பன்னீர்செல்வங்கள் களத்தில் குதித்தார்கள். ஒற்றைத் தலைமை கேட்ட கட்சி அவருக்கு ஆறு தலை கொடுத்தது என்று மதுரைப் பக்கம் கிண்டலடித்தால் நம்பலாம். அவர் இரண்டாமிடம் வந்தார். இரட்டை இலை மாநிலம் முழுக்க ஒரு தொகுதிகூட ஜெயிக்கவில்லை, ஏழு இடத்தில் டெபாசிட் போனது.

காயம் ஆற வேண்டும் என்று ஒருவர் வாய் திறந்தார். 1977 முதல் சட்டமன்றம் பார்த்த செங்கோட்டையன். பிரிந்தவர்களைச் சேர்க்கப் பத்து நாள் கெடு என்று 2025 செப்டம்பர் 5 அன்று கோபிச்செட்டிபாளையத்தில் சொன்னார். தலைமை பத்து நாள் காக்க வைக்கவில்லை. மறுநாளே கட்சிப் பொறுப்புகளைப் பறித்தது. அக்டோபர் 30 பசும்பொன்னில், பிரிந்தவர்களான பன்னீர்செல்வம், தினகரன் இருவருடனும் சேர்ந்து நின்றார். 31ஆம் தேதி கட்சியை விட்டே நீக்கினார்கள். ஒற்றுமை பேசியவரை வெட்டிவிட்டு மிச்சமிருப்பவர்கள் ஒற்றுமையாக இருக்கிறோம் என்கிறார்கள். அதிலென்ன பொய்? இப்படியே போனால் கடைசி ஆள் மிஞ்சும்போது பரிபூரண ஒற்றுமை. செங்கோட்டையனும் தியாகி இல்லை. நவம்பர் முடிவதற்குள் விஜய் கட்சித் துண்டு அவர் தோளில்.

ஒன்றரைக் கோடித் தொண்டர்கள் என்று எல்லா அணியும் கணக்குச் சொல்கிறது. சின்னத்துக்காகத் தேர்தல் ஆணையத்தில் பிரமாணப் பத்திரங்களைக் குவித்தபோது அந்தத் தொண்டன் கையெழுத்து தேவைப்பட்டது. ஓட்டு தேவைப்படவில்லை. ஆர்.கே. நகர் வாக்காளருக்குப் பணம் கொடுக்கிறார்கள் என்ற புகாரில் 2017 ஏப்ரலில் இடைத்தேர்தலையே ஆணையம் ரத்து செய்தது. கெட்ட பழக்கம்தான், ஆனாலும் அந்த ஓட்டு யாருக்கோ வேண்டியிருந்தது. தன் தலைவனைத் தேர்ந்தெடுக்கக் கரை வேட்டிக்காரன் போடும் ஓட்டு விலைகூடப் போகவில்லை.

எம்.ஜி.ஆர். விதியைக் காக்கத்தான் உச்ச நீதிமன்றம் வரை போனேன் என்பது பன்னீர்செல்வத்தின் வாதம். ஆனால் 2021 டிசம்பர், அவரும் பழனிசாமியும் தோளோடு தோள் நின்ற காலம். பொதுச் செயலாளர் பதவிக்குப் பதிலாக வந்த ஒருங்கிணைப்பாளர், இணை ஒருங்கிணைப்பாளர் இரண்டு பதவிக்கும் உறுப்பினர்களின் ஒற்றை வாக்கில் தேர்தல் என்று அறிவித்தார்கள். அறிவிப்பை நம்பி, போட்டியிட மனு வாங்க ஒரு கட்சிக்காரர் ராயப்பேட்டை அலுவலகத்துக்கு வந்தார். அவரை அடித்துத் துரத்தினார்கள். அந்த ஒரு விஷயத்தில் இரண்டு அணிக்கும் கருத்து வேறுபாடே இல்லை. டிசம்பர் 6 அன்று, அம்மாவின் நினைவு நாளுக்கு மறுநாள், இருவரும் போட்டியின்றித் தேர்வானார்கள்.