குருவிக்கு ஜாதகம் சரியில்லை

மண்டபம் பிடித்தாயிற்று. பந்தக்கால் நட்டாயிற்று. சமையல்காரருக்கு அட்வான்ஸும் கொடுத்தாயிற்று. அதற்கப்புறம் ஒருவர் தொண்டையைச் செருமிக்கொண்டு, "சாஸ்திரத்துக்கு ஜாதகத்தையும் ஒருதரம் பார்த்துவிடலாமே" என்கிறார் அல்லவா? அதற்குச் சர்க்கார் வைத்திருக்கும் பெயர் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீடு.

ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்தில் மோரே டவுன்ஸ் என்றொரு மாட்டுப் பண்ணை. பண்ணை என்றதும் தொழுவத்தை நினைக்காதீர்கள். கண்ணுக்கெட்டிய வரை புல்லும் யூகலிப்டஸும்தான். அங்கே ஒரு குருவி, கருந்தொண்டைச் சில்லை. நம் வயல்வரப்புச் சில்லைக்குப் பங்காளி முறை. உதிர்ந்த புல்விதையும், பறக்கிற தூரத்தில் ஒரு வாய்த் தண்ணீரும் இருந்தால் போதும் அதற்கு. இதன் தெற்குக் கிளையினம் தன் பழைய வாழிடத்தில் 80 சதவீதத்தை இழந்துவிட்டது. நியூ சவுத் வேல்ஸ் மாநிலத்தில் அற்றே போனதாக 2016-இல் அறிவித்துவிட்டார்கள். மிஞ்சியதில், தெரிந்தவரை பெரிய கூட்டம் இந்தப் பண்ணை வட்டாரத்தில்தான் இருக்கிறது. பாவம், காலுக்குக் கீழே நிலக்கரி! பண்ணையை வாங்கியது நம் நாட்டு அதானி குழுமம். சுரங்கத்தின் பெயர் கார்மைக்கேல்.

2014-இல் ஆஸ்திரேலிய மத்திய அரசு சுரங்கத்துக்கு அனுமதி தந்தது. 2015 ஆகஸ்டில் அந்த அனுமதி நீதிமன்றத்தில் ரத்தானது. காரணம்? யாக்கா அரணை, அலங்காரப் பாம்பு என்ற இரண்டு உயிர்களைப் பற்றிய அறிவுரைக் குறிப்புகளை சுற்றுச்சூழல் அமைச்சர் கிரெக் ஹன்ட் கருத்தில் கொள்ளவில்லை. அரணைக்குத்தான் மறதி என்பார்கள். இங்கே அரணையையே மறந்தார்கள். அக்டோபரில் அனுமதி மறுபடி வந்தது. அரணையை மறந்தாலும் சுரங்கத்தை மறப்பார்களா?

குருவியின் முறை 2019-இல் வந்தது. மே 2 அன்று மாநிலச் சுற்றுச்சூழல் துறை, நிறுவனத்தின் குருவிப் பாதுகாப்புத் திட்டம் தேறாது என்று திருப்பியனுப்பியது. ஜோசியர் வாய் தவறி உண்மையைச் சொல்லிவிட்டார். மே 18 அன்று நாடாளுமன்றத் தேர்தல். குயின்ஸ்லாந்தில் தொழிற்கட்சிக்குச் சரியான அடி. மே 22 அன்று அதே கட்சியின் மாநில முதல்வர் அனஸ்தாசியா பலஷே, இந்த இழுபறி தனக்கே வெறுத்துவிட்டது என்றார். மே 31 அன்று அதே துறை, திருத்திய திட்டத்துக்குக் கையெழுத்திட்டது. குருவியோ புல்லோ மாறவில்லை. முதல்வர் வெறுத்துப்போன ஒன்பதே நாளில் கிரகங்கள் மட்டும் இடம் பெயர்ந்துவிட்டன!

தோஷம் இருந்தால் என்ன, பரிகாரம் இருக்கிறதே. குருவிக்கென்று சுமார் 33,000 ஹெக்டேர் ஒதுக்கினார்கள். இந்தப் புதரைத் தோண்டப்போகிறோம், அந்தப் புதருக்குப் போய்விடு என்று குருவிக்குப் பட்டா மாற்றிக் கொடுத்தாயிற்று. அந்தப் புதர் அத்தனை நல்ல புதராக இருந்தால் குருவி ஏன் இந்தப் புதரைப் பிடித்துத் தொங்குகிறது என்று கேட்பவன் வளர்ச்சிக்கு விரோதி. இதில் கூத்து என்னவென்றால், அந்தப் பரிகார நிலத்திலும் மாடு மேய்க்கலாம் என்று திட்டத்தில் எழுதி வைத்திருந்தார்கள். குருவி தின்பது புல்விதை. மாடு தின்பது புல். நிபுணர்கள் இதைச் சொன்ன பிறகு, சரி, குறைவாக மேய்க்கிறோம் என்று பெரிய மனது பண்ணினார்கள்.

இது ஒரு சுரங்கத்தின் கதை என்று ஆறுதல் கொள்ள வேண்டாம். அந்நாட்டின் சுற்றுச்சூழல் பாதுகாப்புச் சட்டம் 2000-இல் நடைமுறைக்கு வந்ததிலிருந்து, இந்தக் குருவி வாழக்கூடிய நிலத்தில் 775 திட்டங்கள் விண்ணப்பித்ததாக ஆய்வாளர்கள் 2019-இல் எண்ணிச் சொன்னார்கள். குருவிக்காக மறுக்கப்பட்டது ஒன்றே ஒன்று. 775 ஜாதகங்களில் ஒன்றே ஒன்றுக்கு மட்டும் பொருத்தமில்லை என்று சொன்ன ஜோசியரை ஜோசியர் என்றா சொல்வோம்? தரகர் என்போம்.

அதே 2019-இல் ஆஸ்திரேலிய மக்கள் வாக்களித்து ஆண்டின் பறவையைத் தேர்ந்தெடுத்தார்கள். வென்றது கருந்தொண்டைச் சில்லை. 2021 டிசம்பரில் கார்மைக்கேலின் முதல் கரி துறைமுகத்தில் வந்து குவிந்தது.

கல்யாணம் என்று ஆரம்பித்தது என் தப்பு. இது கிடாவெட்டு. மாலை போட்டாகிவிட்டது. அடுத்தது மஞ்சள் தண்ணீர். ஆடு சிலிர்த்துத் தலையை உதறும்வரை தெளிப்பார்கள். உதறினால் சம்மதம் என்று அர்த்தம். உதறாவிட்டால் ஆட்டை விட்டுவிடுவதில்லை, இன்னொரு சொம்பு கொண்டுவருவார்கள். அறிக்கை, திருத்திய அறிக்கை, நிபுணர் குழு, பரிகார நிலம் எல்லாம் அந்தச் சொம்புத் தண்ணீர்தான். அரிவாள் முதல் நாளே தீட்டியாயிற்று.