முழங்கால் முறிச்சான்
அலிபிரியிலிருந்து திருமலைக்கு 3,550 படி. அதில் ஒரு செங்குத்துக்குத் தமிழர்கள் வைத்த பேர் முழங்கால் முறிச்சான். ராமானுஜர் அதை முழங்காலாலேயே ஏறினாராம்.

புது முட்டியோடு பாலசமுத்திரத்து வீட்டில் படுத்திருக்கும் அம்மாவுக்குக் கட்டிலிலிருந்து கழிவறைவரை பதினாலு தப்படி. வாக்கரோடு போய்வந்தால் அதுவே தரிசனம். முட்டி தொண்ணூறு டிகிரி மடங்கணும் என்கிறார் பிசியோ தம்பி. நலம் விசாரிக்க வருகிறவர்களோ, முட்டிக்கு அடியில் தலகாணி வை, ஐயோ வைக்காதே, ஆட்டுக்கால் சூப் கொடு (அம்மா சுத்த சைவம்) என்று ஆளுக்கொரு டிகிரி. 2017 ஆகஸ்டில் செயற்கை மூட்டுக்கு விலை உச்சவரம்பு வைத்த மத்திய அரசு, அறிவுரையை விட்டுவிட்டது.

"எப்பக்கா மலையேறப் போற?" என்றாள் பக்கத்து வீட்டுக்காரி.

"பெருமாளை முதல்ல இறங்கி வந்து இந்தக் காபி டம்ளரை எடுத்து வைக்கச் சொல்லு."