புளி போட்டு விளக்கிய காலணா

புளியை இனி ரேஷனில் மட்டும் கொடுத்து, குழம்பு ரசம் தவிர வேறு எதற்கும் கரைக்கமாட்டேன் என்று எழுதி வாங்கிக்கொள்ள வேண்டும். போன வாரம் புதுக்கோட்டையிலிருந்து சம்பந்தி வந்துபோனதிலிருந்து இதே நினைப்பாக இருக்கிறேன்.

அவர் வீட்டுப் பரணில் தாத்தா காலத்துச் சுருக்குப்பை அகப்பட்டதாம். உள்ளே அத்தனையும் செப்புக் காசு. "உங்களுக்குத்தான் இதெல்லாம் உசிராச்சே" என்று தூக்கிக்கொண்டு வந்தார். அதுவரை தங்கமான மனுஷர். பையைத் தாம்பாளத்தில் கவிழ்த்ததும் எனக்குக் கண் கூசியது.

"அழுக்கா எப்படிக் குடுக்கறதுன்னு, வெள்ளிக்கிழமை விளக்கு தேய்க்கிறப்ப நம்ம வீட்ல இதையும் சேர்த்துத் தேய்ச்சுட்டாங்க சம்பந்தி."

பெண்ணைக் கொடுத்த இடம். என்ன சொல்ல முடியும்? "அடேயப்பா, என்ன பளபளப்பு!" என்றேன். என் குரலே எனக்குப் பிடிக்கவில்லை.

கிழக்கிந்தியக் கும்பினியார் 1835-ல் போட்ட காலணா ஒன்று மேலாகக் கிடந்தது. ரூபாய்க்கு அறுபத்து நாலு வந்த காசு. செம்பு காற்றோடும் கைப்பிசுக்கோடும் பழகிப் பழகி நூற்றைம்பது வருஷத்துக்கு மேலாகச் சேர்த்த செம்பழுப்புத் தோலை, புளியிலிருக்கும் டார்டாரிக் அமிலம் காபி ஆறுவதற்குள் உரித்துவிட்டது. மிச்சமிருந்தது ஒரு வெற்று ரோஸ் நிறம். பக்கத்திலேயே குட்டியாக அம்மன் காசு. புதுக்கோட்டை சமஸ்தானத்துக்காக பர்மிங்காமில் அடித்து, நவராத்திரிக்கு அரிசியோடு தானமாகக் கொடுத்தது. ஒரு பக்கம் பிரகதாம்பாள், மறுபக்கம் தெலுங்கு எழுத்தில் 'விஜய'. சம்பந்தியம்மாளின் கைப்பலத்துக்கு முன்னால் 'விஜய' பாதிதான் நின்றது.

காசு பச்சையாகப் பூத்தால் என்ன செய்வது என்று கிளம்பும்போது சம்பந்தி கேட்டார். நல்ல கேள்வி. அதைச் சொல்லத்தான் இதை எழுத உட்கார்ந்தேன். சொல்கிறேன்.

அதற்கு முன், தேய்த்த காசு எது என்று தெரிய வேண்டும். மேஜை விளக்கடியில் பிடித்து மெல்லச் சாய்த்துத் திருப்புங்கள். கைபடாத காசில் வெளிச்சம் விசிறியாகச் சுழன்று வரும். தேய்த்த காசில் அப்படியே செத்து நிற்கும். பத்து மடங்கு லென்ஸில் பார்த்தால் வெற்றிடமெல்லாம் மயிரிழைக் கீறல். அந்தக் கீறலில் ஒரு குடும்பத்தின் ஜாதகமே இருக்கிறது. வட்ட வட்டமாக இருந்தால் டம்ளர் விளக்கிப் பழகிய கை. மேலும் கீழுமாக இருந்தால் ரிட்டயரான ஆண்பிள்ளை, மத்தியான வேளை. 'க்வார்ட்டர்' என்ற ஆங்கில எழுத்துகளின் இடுக்கில் மட்டும் சுத்தமென்றால் பழைய டூத் பிரஷ். பொறுமைசாலி, அதனாலேயே ஆபத்தானவர். இடுக்கில் வெள்ளையாக அப்பியிருந்தால் பீதாம்பரி, இல்லாவிட்டால் பிராசோ. ஆழமாக, தாறுமாறாக உழுதிருந்தால் செங்கல் பொடியும் தேங்காய் நாரும். அந்தப் பாட்டியை இப்போது விசாரிக்க வழியில்லை. கீறலே இல்லாமல் சொரசொரவென்று வெளிறியிருந்தால் எலுமிச்சம்பழத்தில் ராத்திரி முழுக்க ஊறப்போட்டு மறந்துவிட்டார்கள். இரண்டு முகமும் மின்னி விளிம்பு மட்டும் பழுப்பாகவே இருக்கிறதா? விருந்தாளி வந்தால் ஹாலை மட்டும் பெருக்குகிற வீடு. ஒரு முகம் மட்டும் மின்னுகிறதென்றால் நடுவில் சீரியல் ஆரம்பித்திருக்கிறது. பெருவிரல் அழுந்திய இடத்தில் பள்ளமாகப் பளபளப்பு தெரிந்தால் ஆள் இடக்கையரா என்றுகூடச் சொல்வேன். என்னை யாரும் கேட்டதில்லை, அது வேறு விஷயம். கல்யாண வீட்டில் குத்துவிளக்கின் தண்டை லென்ஸ் வைத்துப் பார்க்கப் போய், வீட்டில் என்னை முன் வரிசையில் உட்கார வைப்பதையே நிறுத்திவிட்டார்கள்.

லென்ஸ் இல்லாதவர்கள் சிங்கத்தைப் பாருங்கள். அந்த 1835 காலணாவில் கேடயத்துக்கு இருபுறமும் நிற்கும் சிங்கங்களின் பிடரி மழமழவென்று தேய்ந்திருக்கிறது. சந்தையிலும் மடியிலும் அத்தனை காலம் அலைந்த காசு நேற்று அக்கசாலையிலிருந்து வந்ததுபோல் மின்னினால் எங்கேயோ இடிக்கிறதல்லவா? இடிக்காது, வாங்குகிறவர்களுக்கு. கண்காட்சியில் பாருங்கள், மின்னுவதைத்தான் முதலில் எடுக்கிறார்கள். (1906 முதல் வந்த காலணா வெண்கலம். அதையும் 'செப்புக் காசு சார்' என்று விற்பவரோடு மல்லுக்கட்ட எனக்கு இப்போது தெம்பில்லை.) அமெரிக்காவில் எழுபதுக்கு இத்தனை என்று காசுக்கு மார்க் போடும் நிறுவனங்கள், கடுமையாகத் தேய்த்த காசுக்கு மார்க்கே போடாமல் 'தேய்த்தது' என்று சீட்டு ஒட்டி அனுப்பிவிடும். இங்கே அதற்கு ஐம்பது ரூபாய் கூடுதலாகக் கேட்கிறார்கள்.

விவரமான வியாபாரி இன்னும் ஒரு படி மேலே. தேய்த்ததை மறைக்க ஷூ பாலிஷ் தடவிப் பழுப்பாக்குவார். கந்தகம் போட்டுக் கருக்க வைப்பார். அதனால் நான் காசை மோந்தும் பார்ப்பேன். சென்ற மாதம் ஒரு கடையில் மோந்துகொண்டிருந்தபோது பக்கத்தில் நின்ற பையன் தன் அம்மாவை இழுத்துக்கொண்டு அடுத்த கடைக்குப் போய்விட்டான்.

பச்சைக் களிம்பு இன்னும் பாக்கி, மறக்கவில்லை. ஆனால் அந்தக் கடையில் கண்ட இன்னொன்றைச் சொல்லாவிட்டால் எனக்குத் தூக்கம் வராது. கும்பினி பெயரும் 1818 என்ற வருஷமும் போட்டு, மறுபக்கம் ராமர் பட்டாபிஷேகம் பொறித்த 'அரையணா'. கும்பினி ஒருநாளும் ராமரைக் காசில் போட்டதில்லை; முழுக்கப் பிற்காலச் சரக்கு. அரிசியை இழுக்கும், அதிர்ஷ்டம் கொட்டும் என்று ஊர் ஊராக ஏமாற்றுகிறார்களே, அதே ஜாதி. கையில் வாங்கிச் சாய்த்தேன், திருப்பினேன். ஒரு கீறல் இல்லை. இடுக்கில் பொடி இல்லை. விளிம்பு வரை ஒரே சீரான, அருமையான பழுப்பு.

"இதை யாரும் தேய்க்கலையா?" என்றேன்.

"தேய்ச்சா சக்தி போயிடும் சார்."