விளைந்தும் எட்டாத சோறு

கே: உலகம் முழுவதுக்கும் போதுமான உணவு விளையாததால்தானே பசி?

ப: விளைகிறது. 2022இல் வீடுகளிலும் உணவகங்களிலும் கடைகளிலும் வீணான உணவு மட்டும் 105 கோடி டன் என்பது ஐ.நா. கணக்கு. ஆனாலும் 2024இல் சுமார் 67 கோடிப் பேர் பசியில் கிடந்தார்கள்.

கே: ஜனத்தொகை பெருகிவிட்டதே?

ப: 1960களின் தொடக்கத்தில் 300 கோடிப் பேர், இன்று 800 கோடிக்கும் மேல். ஆனால் தலைக்கு இவ்வளவு என்று பார்த்தால் அன்றைவிட இன்றுதான் உணவு அதிகம். பழியைப் பிள்ளை பெற்றவர்கள் மேல் போடாதீர்கள்.

கே: அரிசி இருக்கும்போதே பஞ்சம் வருமா?

ப: வந்தது. 1943, வங்காளம். ஜப்பான் பர்மாவைப் பிடித்ததும் அங்கிருந்து வந்த அரிசி நின்றது. 1942 அக்டோபர் புயல் மிதினாப்பூர் வயல்களை அழித்தது. ஜப்பானியர் கையில் சிக்கிவிடுமென்று ஆயிரக்கணக்கான படகுகளை ஆங்கில அரசே முடக்கியது. போர்ச்செலவு விலையை ஏற்ற, பதுக்கல் அதை இன்னும் ஏற்றியது. கல்கத்தா ஆலைத் தொழிலாளிக்கு மலிவு அரிசி கொடுத்தார்கள், போருக்கு அவர் தேவைப்பட்டார். கிராமத்துக் கூலியாளையும் மீனவரையும் படகோட்டியையும் யாரும் கேட்கவில்லை. செத்தவர்கள் 30 லட்சம் வரை. அந்த ஆண்டின் அரிசி, பஞ்சமே இல்லாத 1941ஐவிட அதிகம் என்று பொருளியலாளர் அமர்த்தியா சென் 1981இல் கணக்கோடு காட்டினார். சோறு இருந்தது, வாங்கும் வக்கைப் பறித்துவிட்டார்கள். இதைக் கொலை என்றே நான் சொல்வேன்.

கே: அது வெள்ளைக்காரன் காலம். இப்போதுமா?

ப: சூடானைப் பாருங்கள். 2023 ஏப்ரலில் ராணுவமும் துணைப்படையும் மோதத் தொடங்கின. 2024 ஆகஸ்டில் வட டார்ஃபூரின் ஜம்ஜம் முகாமில், உள்நாட்டிலேயே இடம்பெயர்ந்தவர்களிடையே பஞ்சம் உறுதியானது. அதைச் சுற்றித் துணைப்படை போட்ட முற்றுகைக்குள் உணவு லாரி போக முடியவில்லை. பட்டினியைப் போர் ஆயுதமாக்குவதைக் கண்டித்து ஐ.நா. பாதுகாப்பு சபை 2018இலேயே 2417ஆம் தீர்மானத்தை நிறைவேற்றியிருந்தது. தீர்மானத்தை மீறியவர்களுக்கு ஆயுதம் விற்பவர்கள் இன்னும் விற்கிறார்கள்.

கே: கப்பல் கப்பலாக அரிசி அனுப்பினால் தீராதா?

ப: கப்பல் துறைமுகம்வரைதான் போகும். சூடான் தலைநகர் கார்ட்டூமில் தெருத்தெருவாக அந்தந்த வட்டார இளைஞர்களே பொதுச் சமையல்கூடம் நடத்தினார்கள். அவர்களுக்குத் தேவைப்பட்டது பணம். 2025 தொடக்கத்தில் அமெரிக்கா உதவியை நிறுத்தியதும், அந்த அடுப்புகளில் பெரும்பாலானவை அணைந்துபோயின.