இலவச ரசிகர்கள்

1927-இல் சென்னையில் கூடிய காங்கிரஸ் மகாசபையையொட்டி நடந்த சங்கீத மாநாட்டின் பயனாக, மறு வருஷமே மியூசிக் அகாடமி தோன்றியதும், பின்னர் மார்கழிதோறும் நகரெங்கும் சபைகள் பெருகியதும், நம் ஜனங்களின் கலாபிமானத்துக்குப் போதிய சாட்சியாகும். அதிலும், பிற்பகல் கச்சேரிக்கு அனுமதி இலவசம் என்பது எத்தகைய தர்ம சிந்தனை! சென்ற மார்கழியில், இளம் வித்வான் ஒருவர் தோடியை விஸ்தாரமாக ஆலாபனை செய்ய, முன்வரிசைப் பெரியவர் கண்மூடி நிஷ்டையில் ஆழ்ந்திருந்தார். குறட்டையும் சுருதியோடு சேர்ந்தே வந்தது. தனி ஆவர்த்தனம் தொடங்கியதும் ரசிகர்கள் பரவசத்தோடு எழுந்து கான்டீனுக்குச் சென்று, கைக்காசு கொடுத்து, கால் கடுக்க நின்று, கீரை வடையை அட்சரசுத்தமாக விமர்சித்தார்கள். ஆகையால் காரியதரிசிகளுக்கு ஒரு விண்ணப்பம்: அடுத்த மார்கழியில் வடைச் சட்டியை மேடையில் ஏற்றிவிடுங்கள், டிக்கெட் வைத்தாலும் மண்டபம் நிறையும்.